கப்பல் பயணமா? பெட்டி பத்திரம்!

சிங்கப்பூரில் இருக்கும் என் மகள் 2023-இல், "அம்மா, இந்தத் தடவை கப்பலில் பினாங்கு, புக்கெட் போய் வரலாம்" என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கூட வந்த என் மாமியாருக்கு வயது 78. "கடலைக் கரையில் நின்று பார்த்தால் போதாதோ?" என்றவர், பெட்டி கட்டுவதில் மட்டும் எனக்கு முந்திக்கொண்டார்!

மரீனா பே கப்பல் நிலையத்தில் பெட்டிகளுக்கு அறை எண் எழுதிய சீட்டைக் கட்டி வாங்கிக்கொண்டார்கள். நாம் தூக்க வேண்டாம். அறை வாசலுக்கே வந்துவிடும். ஆனால் உடனே வராது. ஆயிரக்கணக்கான பெட்டிகள் எக்ஸ்ரே சோதனை முடிந்து மாடி மாடியாகப் போய்ச் சேர வேண்டுமே! சில சமயம் இரவாகிவிடும்.

சாயங்காலம் எங்கள் வாசலில் மெரூன் நிறப் பெட்டி ஒன்று நின்றது. சாவி போட்டால் திறக்கவில்லை. யாருடையதோ! அத்தையின் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் எங்கள் பெட்டியில். 'கைப்பை கனக்கிறதே' என்று அதில் மாற்றி வைத்தவள் நானேதான். அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

கப்பல் அலுவலகத்துக்கு ஓடினோம். நல்ல வேளை, என் மகள் பெட்டியைச் செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். எங்கள் அறை 8214. பெட்டி போனதோ 8241-க்கு! அங்கே ஒரு அம்மாள் எங்கள் பூட்டோடு மல்லாடிக்கொண்டிருந்தாராம். ராத்திரிச் சாப்பாட்டுக்குள் மாத்திரை கைக்கு வந்தது.

நான் பட்டுத் தெரிந்துகொண்டதை நீங்கள் படாமலே தெரிந்துகொள்ளுங்களேன்:

* மருந்து, மூக்குக்கண்ணாடி, பாஸ்போர்ட், நகை, ஒரு மாற்றுப் புடவை - இவை கைப்பையில்தான்.

* பெட்டிக் கைப்பிடியில் கலர் ரிப்பன் கட்டுங்கள். பெயர், போன் நம்பர் எழுதிய காகிதம் பெட்டிக்குள்ளும் இருக்கட்டும்.

* இஸ்திரிப் பெட்டி, மெழுகுவர்த்தி, ஊதுபத்தி எல்லாம் பெரும்பாலான கப்பல்களில் கூடாது. தீப்பிடிக்கும் பயம். இருந்தால் பெட்டியை நிறுத்தி வைத்துவிடுவார்கள்.

* கப்பல் வெளிநாடு போய்த் திரும்புகிறது. ஆகவே பல தடவை நுழையும் விசாதானா என்று முன்பே பாருங்கள்.

* புக்கெட்டில் மணி, சிங்கப்பூரைவிட ஒரு மணி பின்னால். கப்பலின் கணக்கு எந்த மணி என்று கேட்டுக்கொண்டு இறங்குங்கள். தனியாகச் சுற்றப் போய் லேட்டானால் கப்பல் காத்திராது.

* சாப்பாட்டுக்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கப்பலில் பரவும் வாந்திபேதிக்கு, தடவிக்கொள்ளும் ஜெல் மட்டும் போதாது.

* கடைசி ராத்திரி பெட்டியை வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் உடுத்த வேண்டியதை எடுத்து வைத்துவிட்டுப் பூட்டுங்கள். இல்லையேல் நைட்டியோடு இறங்க வேண்டியதுதான்!

அந்தக் கடைசி ராத்திரி அத்தையின் மாத்திரையைத் தேடினேன். ஒரு சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு, "என்ன தேடறே?" என்றார் சிரித்தபடி.