குடிக்கூலி

மாதம் பிறந்ததும் நான் தவறாது செய்யும் கடமைகள் இரண்டு. ஒன்று, சென்ற மாதத்து மாணவர் வருகைப் பதிவேடுகளைச் சரிபார்த்துக் கையொப்பமிடுவது. மற்றொன்று, குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை செலுத்துவது. முன்னதைச் செய்யும்போது நான் தலைமையாசிரியன். பின்னதைச் செய்யும்போது வாடகைக் குடி. முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியப் பணியில் கழித்தும், ஐம்பத்தேழாம் அகவையில் பிறர் வீட்டில் குடியிருக்கின்றேன் என்று சொல்ல முன்பெல்லாம் என் நாக் கூசும். இன்று கூசுவதில்லை. அம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

வீட்டு வாடகைக்குக் 'குடிக்கூலி' என்றொரு நல்ல சொல் தமிழில் உண்டு. குடியிருப்பதற்காகக் கொடுக்கும் கூலி என்பது அதன் பொருள். ஆயினும், 'கூலி' என்னும் சொல் இந்நாட்டுத் தமிழர் செவியில் சுருக்கென்று தைக்கும். நம் பாட்டன்மாரை அச்சொல்லாலேயே அழைத்தார்கள். அவர்கள் கூலி வாங்கிய தலைமுறை. நாம் குடிக்கூலி கொடுக்கும் தலைமுறை. இவ்விரண்டுக்கும் இடையில் நாம் எவ்வளவு தொலைவு நடந்திருக்கின்றோம் என்று எண்ணிப் பார்ப்பது பயனுடையது.

கோலாலம்பூருக்கு வடக்கே, இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த ரவாங் என்னும் ஊரில் நான் குடியிருக்கின்றேன். ஈயச் சுரங்கத்தால் பெயர் பெற்ற ஊர் அது. 1894-ஆம் ஆண்டிலேயே லோக் இயூ என்னும் சீனச் செல்வரும் நம்மவராகிய தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் சுரங்க வேலைக்காக அங்கே மின்னாக்கப் பொறியை நிறுவினர். இந்நாட்டு மின்சாரத்தின் வரலாறு அங்கிருந்தே தொடங்குகின்றது. தம்புசாமிப் பிள்ளையின் பெயரைப் பத்துமலைக் கோயிலோடு மட்டும் இணைத்துப் பழகிய மாணவர்கள் இதனைக் கேட்டு வியப்பார்கள். இன்று அச்சுரங்கங்கள் இல்லை. சுற்றிலும் பரந்து கிடந்த பால்மரக் காடுகளும் பெரும்பாலும் மறைந்து, அவை இருந்த இடங்களில் வரிசை வீடுகள் எழுந்துள்ளன.

வீடமைப்புப் பகுதியை நாம் மலாய்மொழி வழக்கை ஒட்டித் 'தாமான்' என்கின்றோம். தாமான் என்றால் பூந்தோட்டம். பால்மரத் தோட்டத்தில் பிறந்த நான் பூந்தோட்டத்திற்குக் குடிவந்திருக்கின்றேன் என்று மனைவியிடம் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. எங்கள் பின்கட்டு வடிகாலுக்கு அப்பால், பழைய வெட்டுத் தழும்புகளோடு இரண்டு கிழட்டுப் பால்மரங்கள் இன்னும் நிற்கின்றன. இந்நிலம் முன்பு எதுவாக இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அமைதியான இடம். ஒலியே எழாத அமைதியன்று. ஒவ்வோர் ஒலியும் தனக்குரிய வேளையில் எழுந்து அடங்கும் அமைதி. விடியுமுன் தொழுகைக்கு அழைக்கும் குரல். பின் எதிர்வீட்டு லாரி ஓட்டுநர் பொறியைச் சூடேற்றும் உறுமல். மாலையில் மோட்டார் சைக்கிளில் வரும் ரொட்டிக்காரரின் ஒலிப்பான். இவற்றுக்கிடையே அவ்வப்போது கடந்து செல்லும் இரயிலின் தடதடப்பு. வாரத்தில் ஒருநாள் கூடும் இரவுச் சந்தையன்று மட்டும் சிறிது ஆரவாரம் உண்டு.

இவ்வூரைத் தலைநகரின் புறநகராக்கியது, 1995-இல் ஓடத் தொடங்கிய கொமுட்டர் மின்தொடர்வண்டியே எனலாம். ஐந்தே முக்காலுக்கு வீட்டைவிட்டு இறங்கினால் பத்து நிமிட நடையில் நிலையத்தை அடைவேன். குவாங், சுங்கை பூலோ, கெப்போங் என நிலையங்கள் ஒவ்வொன்றாகக் கடந்து செல்ல, மாணவர் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டே செல்வேன். எதிரே தாதியர் உறங்கிக்கொண்டிருப்பர். காவலாளிகள் இரவு வேலை முடிந்து மறுதிசை வண்டியில் திரும்புவர். என் தந்தையார் இதே இருள்பிரியா வேளையில், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்கு நின்றார் என்னும் நினைவு எனக்கு அங்கேதான் அடிக்கடி எழும்.

என் தந்தையார் கெடா மாநிலத்துத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டினார். லயத்தில் எங்களுக்கு ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, முன்புறம் சிறு திண்ணை. வாடகை இல்லை. ஆதலால் அது எங்கள் வீடு என்றே சிறுவயதில் நான் நம்பியிருந்தேன். வாடகை இல்லாத வீட்டுக்கு உழைப்பே வாடகை என்பதும், உழைப்பு நின்றால் வீடும் நின்றுவிடும் என்பதும் எனக்குப் பின்னரே விளங்கின.

நான் ஆசிரியர் பயிற்சியை முடித்து முதற்பணியில் சேர்ந்த 1990-ஆம் ஆண்டிலேயே தந்தையார் ஓய்வுபெற்றார். சில மாதங்களில் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. நான் விடுப்பெடுத்துச் சென்றிருந்தேன். சாமான்களை வண்டியில் ஏற்றிய பின்னும் தந்தையார் வெளியே வரவில்லை. உள்ளே சென்று பார்த்தேன். பலகைச் சுவரில் தாம் முப்பது ஆண்டுகளாக அடித்திருந்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, துளைகளில் சுண்ணாம்பைக் குழைத்து அடைத்துக்கொண்டிருந்தார். சாமிப் படம் தொங்கிய ஆணி, நாட்காட்டி தொங்கிய ஆணி, என் பள்ளிப்பை தொங்கிய ஆணி. "கிராணி வந்து பார்ப்பாரு, தம்பி. சொவத்தக் கெடுத்துட்டோம்னு ஒரு சொல்லு வந்துடக்கூடாது" என்றார். பிடுங்கிய ஆணிகளைத் தாளில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கிராணி வந்தார், எட்டிப் பார்த்தார், ஏட்டில் குறித்துக்கொண்டார். சுவரை அவர் பார்க்கவேயில்லை.

"எலி வளையானாலும் தனி வளை வேணும்" என்னும் பழமொழியை அன்று வண்டியில் அம்மா ஒருமுறைதான் சொன்னார். அது போதுமானதாக இருந்தது. 1996-இல் அரசாங்க வீட்டுக் கடன் பெற்று, சுங்கைப்பட்டாணியில் சிறியதொரு வரிசை வீட்டை வாங்கி, பெற்றோரைக் குடியேற்றினேன். பால் காய்ச்சிக் குடிபுகுந்த அன்று மாலை, தந்தையார் சாமிப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுவர் எதிரில் நெடுநேரம் நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "இதுல ஆணி அடிக்கலாமா, தம்பி? யாருகிட்டக் கேக்கணும்?" என்றார்.

"யாரையும் கேட்க வேண்டாம், அப்பா. இது உங்கள் வீடு" என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குச் சென்றுவிட்டேன். அங்கே நின்று அழுதேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர் வீடிழந்த காலத்தில், 1960-இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தால் தோட்டங்களையே வாங்கினர். அதன் அருமையை நான் வகுப்பில் பலமுறை விளக்கியதுண்டு. ஆனால், ஆணி அடிக்க யாரிடம் கேட்க வேண்டும் என்று என் தந்தையார் வினவிய பின்னரே, நிலவுரிமை என்பதன் முழுப்பொருள் எனக்கு விளங்கியது.

அவ்வீட்டின் கடனை இருபத்தைந்து ஆண்டுகள் கட்டினேன். அவ்வீட்டில் நான் தொடர்ந்தாற்போல் ஒரு மாதமும் வாழ்ந்ததில்லை. தந்தையார் 2009-இல் மறைந்தார். இன்று தம்பி குடும்பத்தினர் அங்கே இருக்கின்றனர். சொந்த வீடு ஓரிடம், சோறுண்ணும் வீடு வேறிடம் என்பது இடமாற்றத்திற்கு உட்பட்ட ஆசிரியர் பலரின் வாழ்க்கை.

2015-இல் தலைமையாசிரியர் பொறுப்பேற்றுத் தலைநகர்ப் பள்ளியொன்றுக்கு வந்தபோது, இரயில் வசதியை எண்ணி ரவாங்கில் வீடு தேடினோம். விளம்பரத்தைப் பார்த்துத் தொலைபேசியில் அழைப்பேன். பெயரைச் சொல்லும்வரை வீடு காலியாக இருக்கும். சொன்ன மறுகணம் அது வேறொருவருக்குப் போய்விட்டிருக்கும். மூன்று வீடுகள் அவ்வாறு கைநழுவின. ஒரு தரகர் ஒளிவுமறைவின்றி, "உரிமையாளர் இந்தியரை விரும்பவில்லை" என்றே கூறினார். வாடகையை நிலுவையில் விட்டுச் சென்ற யாரோ ஒருவரைக் காரணம் காட்டினார். அப்படிப்பட்டவர் எல்லா இனத்திலும் இருப்பர். ஒருவர் செய்த பிழைக்கு ஓரினமே பிணையாளி ஆவது எவ்வகையில் நீதி? பள்ளியில் அறுநூறு பிள்ளைகளுக்கு ஒற்றுமையைப் போதிக்கும் நான், அன்றிரவு மனைவியின் முகத்தைப் பார்க்கக் கூசினேன்.

நான்காவதாகக் கிடைத்ததே இப்போதுள்ள வீடு. மாதம் ஆயிரம் வெள்ளி. இரண்டு மாத வைப்புத் தொகை, தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் அரை மாதம், முதல் மாத வாடகை என மூவாயிரத்து ஐந்நூறு வெள்ளியை முன்கூட்டியே கட்டினோம். ஒப்பந்தத்தின் விதிகளுள் ஒன்று, சுவரில் ஆணி அடித்தல் கூடாது என்றது. கையொப்பமிடும்போது என் கை ஒரு கணம் நின்றது. தந்தையாரின் படத்தைப் புத்தக அலமாரியின் மேல் சுவரில் சாய்த்து வைத்தோம்.

வீட்டுக்கு உரியவர் சீன மூதாட்டி. இரண்டாம் ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க நேரில் வந்தவர், அலமாரியின் மேலிருந்த படத்தைக் கண்டார். ஆசிரியரை மலாய்மொழியில் விளிக்கும் 'சிக்கு' என்னும் சொல்லால் என்னை அழைத்து, "சிக்கு, இவர் யார்?" என்று வினவினார்.

"என் தந்தையார், ஆண்டி."

"தந்தையை ஏன் அலமாரிமேல் வைத்திருக்கின்றீர்?"

ஒப்பந்த விதியைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. தாளை வாங்கி, மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "இது தரகர் எழுதியது. எனக்குத் தெரியாது" என்றார். பிறகு நாற்காலியில் அமர்ந்து தம் கதையைச் சொன்னார். அவசரகாலத்தில், 1950-இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்கீழ், காட்டோரங்களில் வாழ்ந்த ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் புதுக்கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர் என்பது வரலாறு. பெரும்பாலோர் சீனர். அவ்வாறு பெயர்க்கப்பட்ட குடும்பம் ஒன்றின் குழந்தை அவர். பழைய வீட்டைவிட்டு இறங்கும்போது அவருடைய அன்னை முதலில் எடுத்தது முன்னோர் படத்தையாம். புது இடத்தில் அதனைத் தொங்கவிடச் சுவரே இல்லாத நாள்களும் இருந்தனவாம். மீ விற்றுச் சேர்த்த பணத்தில் வாங்கிய வீடு இது என்றார். மறுநாள் மாலை, அவரே ஒரு சுத்தியலோடும் கற்சுவருக்குரிய ஆணியோடும் வந்து நின்றார்.

அந்த ஆணியை நான்தான் அடித்தேன். இடத்தைக் காட்டியவர் அவர்.

உயிர் உடம்பில் தங்கியிருக்கும் நிலையை உணர்த்த வந்த திருவள்ளுவர், நிலையாமை அதிகாரத்தின் இறுதிக் குறளில் 'துச்சில்' என்றொரு சொல்லை ஆள்கின்றார். நிலையான இல்லமன்று, ஒதுங்கியிருக்கும் இடம் என்பது அதன் பொருள். உடம்பே உயிருக்கு ஒதுக்கிடம் என்றால், செங்கல்லும் சிமெந்தும் யாருக்குச் சொந்தம் என்று தத்துவம் பேசலாம். ஆனால், முப்பது ஆண்டு உழைத்த இடத்தைவிட்டு இறங்குபவரிடம் அத்தத்துவத்தைக் கூறுவது ஆறுதலாகாது, கொடுமையாகும். நிலையாமை எல்லார்க்கும் பொது. நிலமின்மை சிலர்க்கு மட்டும் விதிக்கப்பட்டது. இரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்ளலாகாது.

ஆதலின், இளைய ஆசிரியர்களுக்கு நான் கூறுவன இரண்டு. பணியில் சேர்ந்த முதல் ஆண்டுகளிலேயே, சிறியதாயினும் சொந்த வீட்டுக்கு வழி தேடுங்கள். உங்கள் பெற்றோர் ஆணி அடிக்க யாரையும் கேட்கும் நிலை வர வேண்டாம். பின்னொரு காலத்தில் இரண்டாம் வீடு வாங்கி வாடகைக்கு விடுவீர்களாயின், தொலைபேசியில் கேட்கும் பெயரைக்கொண்டு ஆளை அளவிடாதீர்கள். குடியிருக்க வருபவர் கையில் ஒரு படம் இருக்கும். அதனைத் தொங்கவிட அவருக்குச் சுவர் வேண்டும்.

வாடகைக் குடி என்பதில் இழிவில்லை. இழிவு, குடியிருப்பவரை அஞ்சி வாழச் செய்வதில் உள்ளது. இதனை எனக்குக் கற்பித்தவர் பள்ளிக்கூடம் அதிகம் காணாத ஒரு மூதாட்டி. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் தரகர் பழைய தாளையே அச்சடித்துக் கொண்டுவருகின்றார். மூதாட்டியார் அவ்விதியைப் பேனாவால் குறுக்கே அடித்துவிட்டுக் கையொப்பமிடுகின்றார்.

இரயில் கடந்து செல்லும்போது சுவர் சற்றே அதிர்கின்றது. நாளடைவில் படம் ஒருபுறம் சாய்ந்துவிடும். விடியற்காலையில் நிலையத்துக்குப் புறப்படுமுன் அதனை நேராக்கி வைத்துவிட்டே நான் கதவைச் சாத்துகின்றேன்.