கருமை வந்த வழி

2021 மே மாதத்தில் 'கருப்புப் பூஞ்சை' என்னும் பெயர் மரக்காணம் உப்பளங்கள்வரை வந்து சேர்ந்தது. மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழக அரசு அதனை அம்மாதமே அறிவித்தது. பாதி அச்சம் பெயராலேயே விளைந்தது. உண்மையில் கருமை அப்பூஞ்சையினுடையது அன்று. அது இரத்தக் குழாய்களை அடைத்துவிட, குருதி எட்டாமல் மாண்ட சதையே கருக்கிறது. மண்ணிலும் மட்கிய இலையிலும் என்றும் உள்ள பூஞ்சைதான். அதன் வித்துகளை நாம் அனைவரும் சுவாசிக்கிறோம். உடலின் காவல் தளர்ந்தவரிடமே அது வேரூன்றுகிறது. அவ்வாண்டில் பலருக்குக் கட்டுக்கடங்காத சர்க்கரை நோயும், கொரோனாவுக்கென அளவு மீறித் தரப்பட்ட ஸ்டீராய்டும் சேர்ந்து அக்காவலைக் குலைத்தன.

எம் பங்கில் உப்பளத் தொழிலாளி ஒருவர் ஒரு கண்ணை இழந்து வீடு திரும்பினார். நோயில்பூசுதல் வழங்கச் சென்றேன். கொரோனா நீங்கிப் பல வாரங்கள் ஆகியும் அவருக்குத் தனித் தட்டு, தனிக் குவளை. பேத்தி வாசற்படியோடு நிறுத்தப்பட்டிருந்தாள்.

“தொட்டா ஒட்டிக்கும்னு சொல்றாங்க, சாமி” என்றார் மனைவி.

ஒட்டாது. இப்பூஞ்சை நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. ஆம்போடெரிசின் மருந்துக்கு நாடே அலைந்த அந்நாட்களில் இச்செய்திக்குமா தட்டுப்பாடு!

அதை அந்த அம்மாளுக்கு எடுத்துரைத்தேன். பின்னர் அவர் நெற்றியிலும், உப்பு அரித்த உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசினேன். பேத்தி என் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.