கொல்லைக் கல்

2020 ஏப்ரல் கடைசியில்தான் அப்பாவின் தலையில் ரெட்டைச் சுழி இருப்பதைக் கண்டுபிடித்தேன். எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. அத்தனை வருடம் அந்த உச்சந்தலையை மேலிருந்து பார்க்கும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்ததே இல்லை.

"ரெட்டைச் சுழின்னா ரெண்டு கல்யாணமாமே" என்று அம்மாவிடம் சொன்னேன்.

"ஒண்ணு கட்டுனதுக்கே தறிக்குழிய விட்டு எந்திரிச்சு வரல. இன்னொண்ணு வேறயா" என்றாள்.

அப்பா சிரிக்கவில்லை. கொல்லையில் துவைக்கிற கல்லின் மேல், கழுத்தைச் சுற்றிப் பழைய லுங்கியைக் கட்டிக்கொண்டு, மாடு மாதிரி தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார்.

ஊரடங்கு தொடங்கி ஒரு மாதம் தாண்டியிருந்தது. ஆரணியில் தறிச் சத்தம் இல்லாத பகலை நான் அதற்கு முன் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும்தான் கேட்டிருக்கிறேன். கல்யாணங்கள் நின்றுபோனதால் பட்டுப் புடவை எடுக்க ஆளில்லை. கர்நாடகத்திலிருந்து கச்சாப் பட்டு வரவில்லை. எங்கள் தறியில் பாதி நெய்த புடவை அப்படியே நின்றது. அப்பா தினமும் இரண்டு தடவை குழியில் இறங்கி, மிதியில் காலை வைத்துச் சும்மா உட்கார்ந்துவிட்டு எழுந்து வருவார். முடி காதை மூடிவிட்டது. குனியும்போதெல்லாம் கண்ணில் விழுந்தது. நெய்யாத மனுஷனுக்கு அது ஏன் அவ்வளவு தொந்தரவாக இருந்தது என்று எனக்குப் புரியவில்லை.

அம்மா சலூன்காரருக்கு போன் போட்டாள். "பின்பக்கமா வந்துட்டுப் போயிடுப்பா. போலீஸு யாரும் இந்தத் தெருவுக்கு வரதில்ல." அவர் "பாக்கறேன்க்கா" என்றார். வரவில்லை. நான்கு நாள் பார்த்துவிட்டு, ஜரிகை நூல் நறுக்கும் சின்னக் கத்தரியை அப்பா என்னிடம் நீட்டினார். "உனக்குத்தான் வேலையில்லையே. வெட்டு."

சென்னையில் கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே செய்துகொண்டிருந்தேன். அப்பாவின் கணக்கில் அது வேலையில் சேர்த்தியில்லை.

யூட்யூபில் பார்த்ததெல்லாம் கை கத்தரியைப் பிடித்ததும் மறந்துபோனது. சீப்பால் முடியைத் தூக்கி, சீப்புக்கு மேலே துருத்தி நிற்பதை மட்டும் வெட்ட வேண்டும். கேட்க எளிது. செய்து பார்த்தால், சீப்பு ஒரே வேகத்தில் மேலே ஏறிக்கொண்டே இருக்க வேண்டும், கத்தரி நிற்கக் கூடாது. நின்ற இடத்தில் ஒரு படி விழும். நான் மூன்று படி கட்டினேன். பின்னந்தலையில் கோயில் குளம் மாதிரி இருந்தது. அப்பா கைக்கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நெய்த துணியைப் பார்க்கிற அதே முகத்தோடு, "ஊடை விட்டுப்போயிருக்கு" என்றார். அவ்வளவுதான்.

எனக்கு அதைவிடக் கஷ்டமாக இருந்தது தொடுவது. விவரம் தெரிந்த பிறகு நான் அப்பாவைத் தொட்டதில்லை. எங்கள் பக்கத்தில் ஆம்பளைப் பிள்ளைகள் அப்பாவைத் தொடுவது காலில் விழும்போதுதான். இப்போது அவர் காதை மடக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. காது மடல் இவ்வளவு மெல்லிசாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கழுத்துக்குப் பின்னால், வருடக்கணக்காகக் குனிந்து நெய்ததில் ஒரு எலும்பு தனியாகப் புடைத்திருந்தது. அதைச் சுற்றி வெட்டும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

முடிந்ததும் எழுந்தார். நான் தோளில் கிடந்த முடியைத் தட்டிவிடக் கையை நீட்டினேன். "தொடாத, தொடாத" என்று விலகினார். "குளிக்கணும். நீயும் தலைக்கு ஊத்திக்கிட்டு உள்ள வா." அம்மா சொம்பிலிருந்து தண்ணீரை ஒரு முழ உயரத்திலிருந்து என் கையில் ஊற்றினாள், சொம்பு என் மேல் பட்டுவிடாமல். அவளுக்கு அதில் எந்த யோசனையும் இல்லை. பாட்டி அப்படித்தான் ஊற்றுவாள், அவளும் அப்படியே ஊற்றினாள்.

பாட்டி ஊற்றியது இந்தச் சலூன்காரரின் அப்பாவுக்கு.

தாத்தா உயிரோடிருந்தவரை அந்தப் பெரியவர் மாதம் ஒருமுறை தகரப் பெட்டியோடு வருவார். வாசல் வழியாக அல்ல, சந்து வழியாக. இதே கல்லில் தாத்தா உட்கார, அவர் மண்ணில் குந்தியபடி வெட்டுவார். கூலிக் காசைப் பாட்டி கல்லின் மேல் வைப்பாள், கையில் கொடுக்க மாட்டாள். தமிழ்நாட்டில் இந்தத் தொழில் செய்தவர்களுக்கு மருத்துவர் என்றும் பண்டிதர் என்றும் பெயர் உண்டு. கட்டிக்குக் கீறல் போட்டதும் மருந்து கட்டியதும் அவர்கள்தான். அந்த வீட்டுப் பெண்கள் ஊருக்கெல்லாம் பிரசவம் பார்த்தார்கள். என் அப்பாவை இந்த வீட்டின் பின்னறையில் வெளியே எடுத்தது அந்தப் பெரியவரின் அம்மா. அந்த ரெட்டைச் சுழியை முதலில் தொட்ட கை அவளுடையது. பாட்டி இதைப் பெருமையாகத்தான் சொல்வாள், ஆனால் சொம்பை உயர்த்திப் பிடித்தபடி.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது அவரை நான் 'வாடா, போடா' என்றுதான் கூப்பிட்டேன். தாத்தா கூப்பிட்டார், நானும் கூப்பிட்டேன். தாத்தா வயசுக்காரர். யாரும் என் வாயில் அடிக்கவில்லை. அவர் "சரிங்க தம்பி" என்பார். பக்கத்தில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் நிற்பான். அவன் என்னைப் பார்த்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. நான்தான் அவனைப் பார்க்கவில்லையோ என்னவோ.

அந்தப் பையன் பிறகு பஜார் பக்கத்தில் சலூன் போட்டார். சுழல் நாற்காலி, இரண்டு பக்கமும் கண்ணாடி, செவ்வாய்க்கிழமை விடுமுறை. தாத்தா கடைசிவரை அந்தப் படி ஏறவில்லை. "நான் போய் அவன் கடையில காத்துக்கிடக்கணுமா?" என்பார். நாற்காலி போட்டதில் என்ன மாறியது என்பதை எங்கள் வீட்டில் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். இனி வெட்டுகிறவர் நிற்பார், உட்கார்ந்திருக்கிறவன் அவர் திருப்புகிற பக்கம் திரும்புவான்.

2020 மே 19-ல் கிராமங்களில் சலூன் திறக்கலாம் என்றார்கள். 24-ல் சென்னை தவிர மற்ற ஊர்களிலும். ஜூன் தொடக்கத்தில் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, போன், ஆதார் எண் எல்லாம் குறித்துவைக்க வேண்டும் என்று அரசு உத்தரவு வந்தது. "மயிரு வெட்ட ஆதாரா?" என்று அப்பா ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அதையே சாக்காக வைத்துக்கொண்டு என்னிடமே வெட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். தறி இன்னும் ஓடவில்லை, காசு மிச்சம்.

நான் மட்டும் போனேன். அண்ணன் மாஸ்க் போட்டிருந்தார். நீளமான நோட்டில் என் எண்ணை எழுதிக்கொண்டு துண்டைப் போர்த்தினார். கொஞ்ச நேரம் கத்தரிச் சத்தம் மட்டும்.

"அறுபது நாள் கடை மூடியிருந்துச்சுல்ல. எப்படிண்ணே சமாளிச்சீங்க?"

"போன் பண்ணவங்க வீட்டுக்கெல்லாம் போனேன் தம்பி. உங்க தெருவுலயே எட்டு வீடு. எல்லாம் கொல்லப்பக்கமா." சீப்பைத் தட்டினார். "எங்கப்பா எந்தச் சந்துல போனாரோ அதே சந்து. போக மாட்டேன்னுதான் கடையே போட்டேன்."

"எங்க வீட்டுக்கு வரலியே" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

அவர் என் தலையை இடது பக்கம் சாய்த்தார். "உங்க வீட்டுக் கல்லு எனக்குத் தெரியும் தம்பி" என்றார். குரலில் கோபம் எதுவும் இல்லை.

எதிர்க் கண்ணாடியில் அவர் கண் தெரிந்தது. நான் கீழே பார்த்தேன். மன்னிப்பு கேட்க வேண்டியவர் இறந்து வருடங்கள் ஆகிவிட்டன. மகனிடம் கேட்டால், அதையும் அவரே துடைத்துப் பெருக்க வேண்டியிருக்கும் என்று தோன்றியது. பேசாமல் இருந்தேன். அது சரிதானா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"அப்பாவுக்கு யாரு வெட்டுறா?" என்று அவரே கேட்டார். "மார்க்கெட்ல பாத்தேன். பின்னாடி படிபடியா இருக்கு."

"நான்தாண்ணே."

சிரித்தார். மாஸ்க்குக்கு மேல் கண் சுருங்கியது. நாற்காலியைச் சுழற்றி, கைக்கண்ணாடியை என் கையில் கொடுத்து, என் பின்னந்தலை தெரியும்படி பிடிக்கச் சொன்னார். சீப்பைக் கழுத்தில் வைத்தார்.

"இங்க பாருங்க. சீப்ப நிமித்தக் கூடாது, படுக்க வெச்சு ஆரம்பிக்கணும். மேல போகப் போக வெளிய சாய்க்கணும். அவருக்கு ரெட்டைச் சுழி. அங்க மட்டும் முடி போற பக்கமே போங்க, எதிர்த்து வெட்டாதீங்க, நட்டுக்கும்." ஒருமுறை மெதுவாகச் செய்து காட்டினார். பிறகு கத்தரியை என் கையில் கொடுத்து, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து வளையத்துக்குள் வைத்தார். "பெருவிரல் மட்டும்தான் அசையணும். மத்தது சும்மா இருக்கணும். எங்க, ஆட்டுங்க பாப்போம்."