உருட்டிப் போன தூரம்

எங்கள் பக்கத்தில் சைக்கிளை மிதித்ததைவிட உருட்டியதுதான் அதிகம். யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு சைக்கிள் நிற்கும். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில் நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது டிவிஷனுக்கு ஒன்று இருந்தாலே பெரிது. வைத்திருந்தவரும் ஏற்றத்தில் அதைத் தள்ளுவார். இறக்கத்தில் அது அவரைத் தள்ளும்.

அந்த ஊரில் பிறந்துவிட்டு, ஐம்பதை நெருங்கும் வயதில், கூடாரத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு பதுளையிலிருந்து சைக்கிளில் அப்புத்தளைக்குக் கிளம்பினால் வீட்டில் என்ன சொல்வார்கள்? சொன்னார்கள். மச்சான் துணைக்கு வந்தான்.

பதுளை கடல்மட்டத்திலிருந்து 680 மீற்றர், அப்புத்தளை 1,430. தூரம் 40 கிலோமீற்றர் சொச்சம்தான். தெமோதரையில் ரயில்பாதை ஒரு சுற்றுச் சுற்றி, தன் ஸ்டேஷனுக்கே அடியில் சுரங்கத்துக்குள் நுழைகிறது. 1924இல் பதுளைக்கு ரயிலைக் கொண்டுவந்தவர்கள் ஏற்றத்தை அப்படித் தவணை முறையில் கட்டித் தீர்த்தார்கள். ரோட்டில் போகிறவன் வட்டியோடு கட்ட வேண்டும், முழங்காலால்.

ஏறும்போது குளிர் தெரியாது. நின்ற பிறகுதான் பிடிக்கும். அப்புத்தளைக் கடையில் தேத்தண்ணிக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம், வியர்வையில் நனைந்த பனியன் முதுகோடு ஒட்டிச் சில்லிட்டது. தேத்தண்ணிக்கு முன்னால் பனியனை மாற்றியிருக்க வேண்டும். இறக்கத்துக்கு வேறு வைத்தியம். பிரான்சின் மலைப் பந்தயங்களில் வீரர்கள் உச்சியில் பத்திரிகைத் தாளை வாங்கி நெஞ்சுக்குள் செருகிக்கொண்டு இறங்குவார்களாம். எங்களுக்கு வீரகேசரி. ஞாயிறு இதழ் என்றால் இன்னும் விசேஷம், பக்கம் அதிகம்.

தேயிலை வியாபாரி லிப்டன் 1890இல் கட்டிய தம்பேதன்ன பேக்டரியைத் தாண்டினால், அவர் பெயரால் அழைக்கப்படும் லிப்டன் சீட்டுக்கு 7 கிலோமீற்றர். முழுக்க உருட்டல். பொழுது சாய்ந்துவிட்டது. பள்ளத்தில் ஓடையோரப் புல் ஆசை காட்ட, அங்கேயே தங்கலாம் என்றான் மச்சான். நான் விடவில்லை. காற்றடிக்காத மாசி இரவில் குளிர்ந்த காற்று கனத்து, தண்ணீர் மாதிரி இறங்கிப் பள்ளத்தில்தான் தேங்கும். தோட்டத் தலைவரிடம் கேட்டு, மேட்டில் மாரியம்மன் கோயில் திடலில் கூடாரம் அடித்தோம்.

லயத்திலிருந்து ஒரு பெரியம்மா வந்து சுற்றிப் பார்த்தார்.

"ஏங்கய்யா, ஒங்களுக்கு வீடு வாசல் இல்லியா?"

இருக்கிறது என்றேன். அது இன்னும் மோசமான பதிலாகப் பட்டது.

குனிந்து உள்ளே கையைவிட்டுத் தரையைத் தொட்டார். "மேல எத்தன போத்துனாலும் கீழேருந்துல்ல ஏறும்" என்று சொல்லிவிட்டுப் போனவர், இரண்டு படங்கோடு திரும்பி வந்தார். கொழுந்தெடுக்கும் பெண்கள் செடி கிழிக்காமல் இருக்க இடுப்பில் கட்டுவார்களே, அந்தப் படங்கு. கழுவிக் காயவைத்தது. நான் காசு கொடுத்து வாங்கிய தூங்கும் பைக்கு அதுதான் உயிர் கொடுத்தது.

நடுராத்திரி மூக்கில் சொட்டென்று ஒரு துளி. பிறகு இன்னொன்று. மழை என்று பதறி வெளியே தலை நீட்டினால் வானம் நிறைய நட்சத்திரம். தென்கிழக்கே வெகு கீழே வெல்லவாயப் பக்கத்து விளக்குகள். குளிருக்குப் பயந்து ஸிப்பை முழுக்க இழுத்து மூடியதில் இரண்டு பேர் மூச்சும் கூடாரத் துணியில் பட்டுத் தண்ணீராகி எங்கள் மேலேயே விழுந்திருக்கிறது. லயத்துப் பிள்ளைக்கு இது மறந்திருக்கக் கூடாது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஏழு பேர் படுத்து எழும்போது கூரைத் தகரம் சொட்டும். "தகரம் வேர்க்குது" என்பார் அம்மா. ஸிப்பை ஒரு சாண் திறந்துவிட்டுப் படுத்தேன்.

சரியாகத் தூக்கம் பிடித்த நேரத்தில் வெளியே குரல்.

"படங்கக் குடுங்கய்யா, பெரட்டுக்கு நேரமாச்சு."

பெரட்டில்தான் காலையில் ஆட்களுக்கு வேலை பிரிப்பார்கள். உருவிக் கொடுத்தோம். எங்கள் உடம்புச் சூடு அதில் இன்னும் இருந்திருக்கும். பெரியம்மா ஒன்றை உதறி இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, மற்றதை மகளிடம் எறிந்துவிட்டு, பனிக்குள் ஏறிப் போனார்.