தண்ணி ஏறல, ஜெட்டி இறங்கிடுச்சு

அந்தமானில் வேலை பார்த்தவள் என்று தெரிந்ததும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "சுனாமி அப்போ அங்கதான் இருந்தீங்களா டீச்சர்?" என்பதுதான். இருபது வருஷமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "பூகம்பம் எப்படி இருந்துச்சு?" என்று ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. 2004 டிசம்பர் 26 என்றாலே தமிழ்நாட்டில் கடல்தான் ஞாபகம் வரும். அதில் தப்பில்லை, இங்கே கரையில் இருந்தவர்கள் பார்த்தது கடலைத்தானே. ஆனால் போர்ட் பிளேரில் இருந்த எங்களுக்கு முதலில் வந்தது மண். தண்ணீர் வந்து வடிந்த பிறகும் விடாமல் இருந்ததும் அந்த மண்தான். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். (ஊருக்கு இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். எனக்கு இன்னும் வாயில் வரவில்லை.)

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், மார்கழிப் பௌர்ணமி. அந்தமானில் சூரியன் சீக்கிரம் வந்துவிடும். ஆறரை மணிக்கு இங்கே ஏழு மணி மாதிரி வெளிச்சம் இருக்கும். ஜங்லிகாட்டுக்கு மேலே மேட்டில் எங்கள் குவார்ட்டர்ஸ். வாசலில் கோலம் போட்டுவிட்டுக் குனிந்த தலை நிமிர்கிறேன், தலை சுற்றுகிற மாதிரி இருந்தது. காபி குடிக்காத மயக்கம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் அடுக்களையில் பாத்திரம் கடகடக்க ஆரம்பித்தது.

அங்கே நில நடுக்கம் புதிது இல்லை. அடிக்கடி லேசாக ஒரு ஆட்டம் ஆடும், "வந்துச்சு, போச்சு" என்று வேலையைப் பார்ப்போம். பத்து விநாடிக்கு மேல் எதுவும் நின்றதில்லை. இது நிற்கவே இல்லை. முதலில் தொட்டில் மாதிரி மெதுவாக ஆடியது, பிறகு வேகம் பிடித்தது. மகனையும் மகளையும் இரண்டு கையில் இழுத்துக்கொண்டு வீட்டுக்காரர் வெளியே வந்தார். வந்தவரால் நிற்க முடியவில்லை. நாலு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம். காற்றே இல்லை, ஆனால் தென்னை மரங்கள் ஒன்றோடொன்று தலையை மோதிக்கொண்டன. பக்கத்து வீட்டுத் தகரக் கூரை பெருமழை பெய்கிற மாதிரி இரைந்தது. மாடித் தொட்டித் தண்ணீர் தளும்பிச் சுவர் வழியாகக் கொட்டியது. "பூகம்ப்! பாஹர் ஆவோ!" என்று ஒரு பக்கம், "முருகா, முருகா" என்று ஒரு பக்கம், வங்காளிக் குடும்பம் ஒன்று உலு சத்தம் போட்டுக்கொண்டு ஒரு பக்கம். ஐந்து நிமிஷம் இருக்கும் என்று வீட்டுக்காரர் சொன்னார். எனக்கு ஒரு பீரியடு நேரம் மாதிரி இருந்தது.

ஏன் அவ்வளவு நேரம் என்பது பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அது ஒரே இடத்தில் வெடித்து அடங்கிய விஷயம் இல்லை. தொடங்கியது சுமத்ராவுக்கு மேற்கே, எங்களிடமிருந்து 900 கிலோமீட்டருக்கு அப்பால். அங்கிருந்து துணியில் தையல் பிரிகிற மாதிரி வடக்கே பிரிந்துகொண்டே வந்து, நிக்கோபாரைத் தாண்டி, எங்கள் காலடியையும் தாண்டிப் போயிருக்கிறது. மொத்தம் சுமார் 1,300 கிலோமீட்டர். கன்னியாகுமரியில் கிழிக்க ஆரம்பித்தால் ஹைதராபாத்தையும் தாண்டிவிடும். அளவு 9.1. மெதுவாக ஆரம்பித்துப் போகப் போகக் கூடியதற்கும் அதுதான் காரணம். கிழிசல் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

நின்றதும் எல்லாரும் செய்தது ஒரே காரியம்தான், வீட்டுக்குள் ஓடப் பார்த்தது. அடுப்பை அணைக்க, பீரோவைப் பார்க்க. எதிர்வீட்டு நானிதான் கத்தினார்கள். எழுபதைத் தாண்டிய அம்மாள். 'லோக்கல் பார்ன்' என்பார்களே, தண்டனைக்கு வந்து அங்கேயே தங்கியவர்களின் வம்சம். "அந்தர் மத் ஜாவோ பேட்டி, ஃபிர் ஆயேகா." உள்ளே போகாதே மகளே, மறுபடி வரும் என்று. 1941 ஜூனில் அந்தமானில் ஒரு பெரிய பூகம்பம் வந்தது, அப்போது அவர் சின்னப் பெண். ராஸ் தீவில் வெள்ளைக்காரர்களின் கட்டடங்கள் சேதமான கதையையும், அடுத்த வருஷமே ஜப்பான்காரன் வந்த கதையையும் எங்களுக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் பாதி காதில் வாங்கியிருப்போம். அவர்கள் சொன்ன மாதிரியே கொஞ்ச நேரத்தில் மறுபடி ஆடியது. எங்கள் குவார்ட்டர்ஸ் படிக்கட்டுச் சுவரில் கோணலாக விரிசல் ஓடியது அப்போதுதான்.

தண்ணீர் அதற்குப் பிறகு வந்தது. கீழே ஜங்லிகாட்டிலிருந்து நனைந்த துணியோடு ஜனங்கள் மேடேறி எங்கள் வாசலுக்கு வந்தார்கள். மேலே இருந்து பார்த்தால் படகுகள் கட்டு அறுந்து சுற்றிக்கொண்டிருந்தன. இதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அதே தண்ணீர் தமிழ்நாட்டுக் கரையைத் தொடுவதற்கு, நிலம் ஆடியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இரண்டு மணி நேரம்! எங்கள் வீட்டு போன் செத்துக் கிடந்தது. ஒரு ஊரே பார்த்துவிட்ட விஷயத்தை அடுத்த கரைக்குச் சொல்ல ஒரு ஏற்பாடு கிடையாது. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது 2007இல்தான்.

பிறகு வந்த ராத்திரிகள்தான் பெரிய பாடு. நாளைக்குப் பல தடவை ஆடும். மூன்று வாரம் நாங்கள் வீட்டுக்குள் படுக்கவில்லை. எதிரே இருந்த திடலில் தார்ப்பாய் கட்டிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள். வங்காளிகள் கிச்சடி, நாங்கள் உப்புமா, தெலுங்குக்காரர்கள் ஊறுகாய். சர்ட்டிபிகேட், ரேஷன் கார்டு, கொஞ்சம் பணம் எல்லாம் ஒரு பையில். அந்தப் பையைத் தலைக்கு வைத்துத்தான் தூக்கம். ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஸ்டூல் மேல் வைத்திருப்பான் மகன். தண்ணீரில் வளையம் தெரிந்தால் நிஜம், தெரியாவிட்டால் மனப்பிரமை. பாதிக்குப் பாதி மனப்பிரமைதான். இப்போது திருச்சியில் இருக்கிறேன். இங்கே தெருவில் லாரி போனால்கூட என் கண் முதலில் சீலிங் ஃபேனுக்குத்தான் போகிறது.

பகலில் முகாம் வேலை. நிக்கோபார் தீவுகளிலிருந்து கப்பலிலும் விமானத்திலும் ஜனங்களைக் கொண்டுவந்து போர்ட் பிளேர் பள்ளிக்கூடங்களில் தங்கவைத்தார்கள். ஆசிரியர் என்றால் பட்டியல் எழுதத் தெரியும் என்பது அரசாங்கத்தின் நம்பிக்கை. பெயர், தீவு, குடும்பத்தில் எத்தனை பேர் என்று எழுதவேண்டும். மூன்றாவது கேள்விக்கு நிறையப் பேர் பதில் சொல்லாமல் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கச்சால் தீவிலிருந்து நம் தமிழர்கள் வந்திருந்தார்கள். இலங்கைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, ரப்பர் தோட்ட வேலைக்காகக் கச்சாலில் குடியேற்றப்பட்டவர்கள். அதில் ஒரு பாட்டி சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "ஆடி முடிஞ்சி கொஞ்ச நேரம் சும்மாதான் இருந்திச்சி டீச்சரம்மா. ஓட நேரம் இருந்திச்சி. ஓடணும்னு யாருக்கும் தெரியல." நான் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விட்டேன். வேறென்ன செய்ய?

ஜனவரி முதல் வாரத்தில் ஒரு சாயங்காலம் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பொதுப்பணித் துறையில் ஜெட்டிப் பராமரிப்பு அவர் வேலை. ஹாடோ, பீனிக்ஸ் பே என்று துறைமுகத் தளங்கள் உடைந்ததைப் பார்த்துப் பார்த்து மரத்துப்போயிருந்த மனுஷர், என்னமோ என்று பயந்துவிட்டேன். "தண்ணி ஏறல. ஜெட்டிதான் இறங்கிடுச்சு" என்றார். எனக்கு விளங்கவில்லை. ஜெட்டித் தூண்களில் வழக்கமாக ஓதம் ஏறும் உயரத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டி ஒரு கோடு இருக்கும். பத்து நாளாக ஒவ்வொரு ஏற்றத்திலும் தண்ணீர் அந்தக் கோட்டுக்கு மேலே கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நிற்கிறதாம். சுனாமித் தண்ணீர் என்றால் வடிந்திருக்கவேண்டும். இது தினம் இரண்டு வேளை, நிலாவோடு சேர்ந்து, ஒழுங்காக வந்து போகிறது. அப்படியென்றால் கடல் உயரவில்லை. ஊரே ஒரு மீட்டர் தாழ்ந்துவிட்டது. பிறகு அளந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். போர்ட் பிளேர் சுமார் ஒரு மீட்டர் இறங்கியதோடு, சுமார் 3 மீட்டர் மேற்கே நகர்ந்தும் இருக்கிறது. கிரேட் நிக்கோபாரின் தென்கோடியில் இந்திரா முனை 4 மீட்டருக்கு மேல் இறங்கி, கலங்கரை விளக்கத்தின் அடி கடலுக்குள் போய்விட்டது.

நாங்கள் மேட்டுக்காரர்கள், எங்களுக்கு ஒரு மீட்டர் பெரிதில்லை. சிப்பிகாட்டுக்காரர்களுக்கு அதுதான் எல்லாம். போர்ட் பிளேரிலிருந்து தெற்கே போகிற வழியில் தாழ்வான வயல்வெளி அது. நெல், தென்னை, பாக்கு. முதல் நாள் வயலில் கடல் தண்ணீர் ஏறியபோது, வடிந்ததும் ஒரு மழைக்கு உப்பு கழுவிப்போகும் என்றுதான் இருந்தார்கள். வடிந்தது, மறுபடி ஏறியது. அடுத்த அமாவாசைக்கு இன்னும் அதிகம் ஏறி வீட்டுத் திண்ணை வரை வந்தது. டிரங்க் ரோடே ஓத நேரத்தில் தண்ணீருக்குள் போனது, பிறகு ரோட்டை உயர்த்தினார்கள். வயலை யார் உயர்த்துவது? தென்னையும் பாக்கும் நின்ற நிலையிலேயே மட்டை உதிர்ந்து வெறும் கம்பமாக நின்றன.

அங்கிருந்து பஸ்ஸில் வந்து என் ஐந்தாம் வகுப்பில் படித்த பையன் ஒருவன் இருந்தான். பள்ளி திறந்ததும் அவன் என்னைக் கேட்டது, "டீச்சர், கடல் எங்க வயலுக்குள்ள வந்துச்சா, எங்க வயல் கடலுக்குள்ள போச்சா?" எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் வாத்தியார் வேலை பார்த்தேன், அவ்வளவு சரியான கேள்வியை ஒரு பிள்ளையும் கேட்டதில்லை.

நோட்டு அட்டை ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தேன். பின்முனையை ஒரு பிள்ளை அழுத்திப் பிடித்துக்கொண்டது. முன்முனையை நான் கையால் கீழே அழுத்திக்கொண்டே உள்நோக்கித் தள்ளினேன். அட்டையின் நடு மேலே புடைத்தது. "என் கைதான் இந்தியத் தட்டு, அந்தமானுக்கு மேற்கே கடலடியில் உள்ளே நுழையறது. அட்டைதான் நம்ம தீவு இருக்கிற தட்டு. ரொம்ப வருஷமா முனையை உள்ளே இழுத்துப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு, நடு புடைச்சுக்கிட்டே வந்துச்சு. அன்னைக்குப் பிடி விட்டுப்போச்சு." கையை எடுத்தேன். முன்முனை துள்ளி எழும்பியது, புடைப்பு பொத்தென்று அமர்ந்தது. "எழும்பினது வடக்கே, மேற்கே. திக்லிப்பூர் பக்கம் பவளப்பாறையெல்லாம் தண்ணிக்கு மேல வந்து கிடக்கு. அமர்ந்தது நம்ம ஊரு. உன் வயல்தான்டா இறங்கிப்போச்சு, கடல் இருந்த இடத்திலேயேதான் இருக்கு."

அவன் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அந்தத் தட்டு இப்பவும் தள்ளுதா டீச்சர்?"

"தள்ளிக்கிட்டேதான் இருக்கு."

"அப்ப மறுபடி புடைக்குமா?"

"புடைக்கும்பா. ஆனா ரொம்ப மெதுவா. உனக்குப் பேரன் பேத்தி எடுக்கிற காலம் ஆகும், அதுக்கு மேலேயும் ஆகலாம்."

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான். "அப்ப பட்டாவ பத்திரமா வைக்கச் சொல்லி எங்கப்பாகிட்ட சொல்றேன்."

அந்த நிலம் மறுபடி மெல்ல உயர்ந்துவருவதாக ஜி.பி.எஸ். அளவுகளும் பிற்பாடு காட்டின. உயருவது வயலுக்குப் போதுமான உயரம் இல்லை. சிப்பிகாட் இன்றைக்கு நீர்ப்பறவை பார்க்கிற இடமாகப் பெயர் வாங்கிவிட்டது. பட்டுப்போன மரக் கம்பங்களில் மீன்கொத்தி உட்கார்ந்திருப்பதைப் பெரிய பெரிய கேமராவோடு வந்து படம் எடுக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கம்பங்கள் யாரோ ஒருவர் குடம் தூக்கித் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரங்கள் என்பது படம் எடுப்பவர்களுக்குத் தெரிய வழியில்லை.

அந்தப் பையன் இப்போது போர்ட் பிளேரில் ஆட்டோ ஓட்டுகிறான். இரண்டு பிள்ளைகள். அவன் அப்பா போய்விட்டார், பட்டா அவனிடம் இருக்கிறது. போன வாரம் போனில் பேசும்போது ஒரு உதவி கேட்டான். அவர்கள் வீட்டில் இருந்த போட்டோ எல்லாம் அன்றைக்கே நனைந்து வீணாகிவிட்டதாம். வயல் எப்படி இருந்தது என்று பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு படம்கூட இல்லை என்கிறான். 2004க்கு முன்னால் அந்தமானில் வேலை பார்த்தவர்கள், சுற்றுலா போனவர்கள் இந்த நட்பு வட்டத்தில் இருப்பீர்கள். பழைய ஆல்பத்தில் சிப்பிகாட் பக்கம் எடுத்த படம் இருந்தால், வயல் தெரிகிற மாதிரி எதுவாக இருந்தாலும் சரி, போனிலேயே ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அவனுக்குச் சேர்த்துவிடுகிறேன்.