நன்றிக்கடனும் பணக்கடனும்

தமிழில் 'கடன்' என்னும் சொல் இரண்டு பொருள் தரும். திருப்பித் தரவேண்டிய பணமும் கடன். செய்தே ஆகவேண்டிய கடமையும் கடன். பிள்ளைகள் பெற்றோர்க்குச் செய்யும் கடன் என்றும், நன்றிக்கடன் என்றும் நாம் சொல்லும்போது அங்கே பணம் பேசப்படுவதில்லை, பொறுப்பே பேசப்படுகிறது. ஆண்டவர் இயேசு பேசிய அரமேய மொழியிலும் இத்தகைய சொல் ஒன்று உண்டு. அது கடனையும் பாவத்தையும் ஒருங்கே குறிக்கும். அவர் கற்பித்த செபத்தில் குற்றங்களைப் பொறுத்தருளும்படி நாம் வேண்டும் இடத்தில், மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலம் 'கடன்கள்' என்றே சொல்கிறது.

இந்த இரு பொருளும் ஒரு நாட்டின் வாழ்வில் எவ்வளவு சிக்கலாகப் பின்னிக்கொள்ள முடியும் என்பதை ஜாம்பியாவின் வரலாற்றைப் படித்தபோது உணர்ந்தேன். ஆப்பிரிக்காவில் சீனாவின் பணியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு அணியாக நிற்கின்றனர். சிலருக்குச் சீனா ஆபத்தில் உதவிய நண்பன். வேறு சிலருக்கு அது புதிய காலனி எசமான். ஜாம்பியாவின் கதை இந்த இரண்டு பெயர்களுக்குள்ளும் அடங்க மறுக்கிறது.

ஜாம்பியா 1964 அக்டோபர் 24 அன்று விடுதலை பெற்றது. ஐந்தே நாள்களில் சீன மக்கள் குடியரசுடன் தூதரக உறவு கொண்டது. அந்நாட்டுக்குக் கடற்கரை கிடையாது. மண்ணுக்கடியில் செம்பு ஏராளம். ஆனால் அதைக் கப்பலேற்றுவதற்கான முக்கிய இருப்புப்பாதை, சிறுபான்மை வெள்ளையர் ஆண்ட ரொடீசியாவின் வழியே தெற்கு நோக்கிச் சென்றது. 1965இல் ரொடீசிய வெள்ளையர் தன்னிச்சையாக விடுதலை அறிவித்தபோது, ஜாம்பியாவின் கழுத்து அவர்கள் கையில் அகப்பட்டது போலாயிற்று. கிழக்கே தான்சானியாவின் டார் எஸ் சலாம் துறைமுகத்திற்குப் புதிய பாதை அமைக்க உதவும்படி கென்னத் கவுண்டாவும் ஜூலியஸ் நைரேரேயும் மேலைநாடுகளை அணுகினர். அப்பாதை வருவாய் தராது என்று கூறி உலக வங்கியும் மேலைநாடுகளும் கைவிரித்தன.

சீனா முன்வந்தது. 1967 செப்டம்பரில் பீக்கிங் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதே ஆண்டு மார்ச் மாதத்தில்தான் திருத்தந்தை ஆறாம் பவுல் மக்களின் முன்னேற்றம் பற்றிய தமது சுற்றுமடலை வெளியிட்டிருந்தார் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். சீனா கொடுத்த கடன் 98 கோடியே 80 லட்சம் யுவான். அதற்கு வட்டி இல்லை. திருப்பித் தர 30 ஆண்டுத் தவணை. கொடுத்த சீனாவும் அப்போது செல்வ நாடன்று. பண்பாட்டுப் புரட்சியின் குழப்பத்தில் வறுமையோடு போராடிக்கொண்டிருந்தது. 1970இல் தொடங்கி 1975க்குள் 1,860 கிலோமீட்டர் நீளப் பாதையை, மலையும் சதுப்புநிலமும் கடந்து, பல்லாயிரம் சீனத் தொழிலாளரும் ஆப்பிரிக்கத் தொழிலாளரும் சேர்ந்து அமைத்தனர். அறுபதுக்கும் மேற்பட்ட சீனர் அப்பணியில் உயிர்நீத்தனர். டார் எஸ் சலாம் நகரின் புறத்தே அவர்களுக்கென ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது.

இதில் சீனாவுக்கு அரசியல் ஆதாயம் இல்லாமலில்லை. 1971இல் ஐக்கிய நாடுகள் அவையில் அதற்கு இடம் கிடைக்கும்படி தீர்மானம் கொண்டுவந்த நாடுகளுள் ஜாம்பியாவும் தான்சானியாவும் இருந்தன. ஆயினும் ஒருவரும் கைகொடுக்காத வேளையில் கைகொடுத்தவனை மறப்பது மனிதப் பண்பாகாது. கவுண்டா சீனாவை எல்லாப் பருவத்திற்கும் உரிய நண்பன் என்று அழைத்தார். ஜாம்பிய மக்கள் அந்த நன்றிக்கடனை இன்றளவும் நெஞ்சில் வைத்திருக்கின்றனர்.

பணக்கடனின் கதை வேறு. செம்பின் விலை 1970களின் நடுவில் வீழ்ந்தபின் ஜாம்பியா மேலைநாடுகளிடமும் பன்னாட்டு நிதி நிறுவனங்களிடமும் கடன்மேல் கடன் வாங்கியது. வட்டி கட்டுவதற்காகப் பள்ளிகளும் மருத்துவமனைகளும் பட்டினி கிடந்தன. இங்கேதான் திருச்சபையின் குரல் எழுந்தது. லூசாக்கா நகரில் இயேசு சபையினர் நடத்தும் இறையியல் சிந்தனை மையம், 2000ஆம் யூபிலி ஆண்டையொட்டி, கடனை மன்னிக்கக் கோரும் இயக்கத்தை முன்னின்று நடத்தியது. யூபிலி ஆண்டில் நிலம் உரியவரிடம் திரும்ப வேண்டும், அடிமைப்பட்டவர் தம் வீட்டுக்குச் செல்ல வேண்டும் என்ற லேவியர் நூலின் சட்டத்தை அவர்கள் வெறும் வழிபாட்டு வாசகமாக விட்டுவிடவில்லை. 2005இல் கடன் தள்ளுபடிக்கான தகுதியை நாடு எட்டியது. 700 கோடி டாலருக்கும் மேலிருந்த வெளிநாட்டுக் கடன் அடுத்த ஆண்டில் 100 கோடிக்கும் கீழே இறங்கிற்று. 2006 ஏப்ரல் முதல் சிற்றூர் மருத்துவ நிலையங்களில் நோயாளிகளிடம் கட்டணம் வாங்கும் முறை நீக்கப்பட்டது. கடன் மன்னிப்பு என்பது ஏட்டுக் கணக்கன்று, காய்ச்சல் கண்ட குழந்தையைத் தாய் தயங்காமல் தூக்கிச் செல்வதற்கான வழி என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் செய்தி எனக்குத் தெரியாது.

அந்த விடுதலை நீடிக்கவில்லை. 2012 முதல் 2015 வரை மூன்று தவணைகளில் 300 கோடி டாலர் கடன் பத்திரங்களை மேலைநாட்டுச் சந்தையில் ஜாம்பியா விற்றது. சாலைகளுக்கும், விமான நிலையங்களுக்கும், 750 மெகாவாட் கஃபுவே மின்திட்டத்திற்கும் சீன வங்கிகளிடம் பெருங்கடன் வாங்கியது. இம்முறை வட்டியில்லாக் கடன் அன்று. ஒப்பந்தங்கள் பலவற்றின் விதிகள் மக்கள் கண்ணுக்கு எட்டாதவை. 2020 நவம்பரில், கொரோனா நோய்க் காலத்தில், நாடு தவணை செலுத்த முடியாமல் நின்றது. சற்றே அவகாசம் கேட்டபோது கடன் பத்திரக்காரர் மறுத்தனர். சீன வங்கிகளுக்கு என்ன தரப்படுகிறது என்பது வெளிப்படையாக இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணங்களுள் ஒன்று. யாரோ சிலர் மூடி வைத்த காகிதங்களின் விலையை முழு நாடும் செலுத்தியது. 2023 ஜூன் மாதத்தில், சீனாவும் பிரான்சும் இணைத்தலைமை ஏற்ற குழு, அரசுகளுக்குத் தரவேண்டிய 630 கோடி டாலர் கடனை 2043 வரை நீட்டித்து, 2037 வரை வட்டியை ஒரு விழுக்காடாகக் குறைத்தது. அத்தொகையில் பெரும்பகுதி சீனாவுக்குரியது. கடன் முழுதும் மன்னிக்கப்படவில்லை. ஆனால் மூச்சுவிட இடம் கிடைத்தது.

பணத்தைவிட ஆழமான காயம் சுரங்கங்களில் நேர்ந்தது. 1998இல் சாம்பிஷி செம்புச் சுரங்கத்தைச் சீன அரசு நிறுவனம் வாங்கிற்று. 2005 ஏப்ரலில் அச்சுரங்க வளாகத்தில் இருந்த வெடிமருந்துத் தொழிற்சாலை வெடித்ததில் ஏறத்தாழ 50 ஜாம்பியத் தொழிலாளர் மாண்டனர், பலர் இளைஞர். 2010 அக்டோபரில் தெற்கே கோலம் நிலக்கரிச் சுரங்கத்தில், ஊதியத்திற்காகக் குரலெழுப்பிய தொழிலாளர்மீது சீன மேலாளர் இருவர் சுட்டதில் குறைந்தது 11 பேர் காயமுற்றனர். அவ்விருவர்மீதும் தொடுத்த வழக்கு அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது. 2012 ஆகஸ்டில் அதே சுரங்கத்தில் மூண்ட ஊதியக் கலவரத்தில் சீன மேலாளர் ஒருவர் கொல்லப்பட்டார். நீதி மறுக்கப்பட்ட இடத்தில் பழிவாங்கல் குடியேறும் என்பதற்கு இது ஒரு துயரச் சான்று. அந்தக் கொலையை நியாயப்படுத்த முடியாது. அவனுக்கும் தொலைதூரத்தில் ஒரு குடும்பம் காத்திருந்திருக்கும்.

நேர்மையாகச் சொன்னால், மறுபக்கமும் உண்டு. 2008இல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது வேறு முதலாளிகள் லுவான்ஷியா சுரங்கத்தை மூடிவிட்டுப் போனார்கள். அதை எடுத்து மீண்டும் திறந்தது சீன நிறுவனமே. சாம்பிஷியிலும் அப்போது ஆள்குறைப்புச் செய்யவில்லை. சீனரைக் கடுமையாகச் சாடி 2006 தேர்தலில் வாக்குக் கேட்ட மைக்கேல் சாட்டா என்னும் கத்தோலிக்கத் தலைவர், 2011இல் குடியரசுத் தலைவரானதும் சீனர்களை விருந்துக்கு அழைத்தார். அதைச் சந்தர்ப்பவாதம் என்று எளிதில் தள்ளிவிடலாம். ஏழை நாட்டை ஆள்பவனுக்குக் கோபப்படும் உரிமைகூட அளந்தே கொடுக்கப்பட்டிருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

2025 பிப்ரவரி 18 அன்று சாம்பிஷிக்கு அருகே, சீன நிறுவனம் ஒன்றின் சுரங்கக் கழிவுத் தேக்கத்தின் கரை உடைந்தது. அமிலம் கலந்த கழிவு ஓடை வழியே கஃபுவே ஆற்றில் கலந்தது. மீன்கள் செத்து மிதந்தன. பல லட்சம் மக்கள் வாழும் கிட்வே நகரின் குடிநீர் நிறுத்தப்பட்டது. அமிலத்தைத் தணிக்க அரசு சுண்ணாம்பு தூவியது. ஜாம்பியரில் பாதிக்கும் மேற்பட்டோர் வாழ்வது அந்த ஆற்றின் வடிநிலத்தில்தான்.

இதைப் படித்துச் சீனர்மீது மட்டும் சினம் கொள்வோமானால் நாம் உண்மைக்குப் புறம்பாவோம். அதே ஆற்றுப்படுகையில், சிங்கோலாவில், செம்பு ஆலையின் கழிவு தங்கள் நீரையும் நிலத்தையும் கெடுத்ததென்று 1,826 ஊரார் வழக்குத் தொடுத்தது வேதாந்தா குழுமத்தின்மீது. அவர்கள் இங்கிலாந்தில் வழக்காடலாம் என்று 2019இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021இல் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே குழுமம் சமரசம் செய்துகொண்டது. தூத்துக்குடியில் செம்பு ஆலை நடத்தியதும் அதே குழுமம்தான். 2018 மே மாதம் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர்களை இழந்த நம் கடற்கரை மக்களுக்குக் கஃபுவே ஆற்றங்கரை மக்களின் வேதனையை யாரும் விளக்க வேண்டியதில்லை. பேராசைக்குத் தனிக் கொடி கிடையாது.

அப்படியானால் நன்றிக்கடன் என்னாவது? நம் குடும்பங்களில் இதைக் கண்டிருக்கிறோம். இக்கட்டான நேரத்தில் கைகொடுத்த உறவினரின் கடையில் பிள்ளையை வேலைக்கு விடுகிறோம். அங்கே பிள்ளை துன்புறுத்தப்படுகிறான். பழைய உதவியை நினைத்துப் பெற்றோர் வாய்மூடுகின்றனர். அந்த மௌனம் நன்றியன்று. உதவியவரையும் அது கெடுக்கிறது, பிள்ளையையும் கெடுக்கிறது. உண்மையான நன்றி, நண்பனிடம் தவற்றைத் தவறென்று சொல்லும் துணிவையும் உட்கொண்டது. ஜாம்பியாவின் தொழிற்சங்கங்களும் திருச்சபையும் தொழிலாளர் பாதுகாப்பைக் கேட்டபோதும், கடன் ஒப்பந்தங்களை வெளிப்படையாக வையுங்கள் என்று கேட்டபோதும், அவர்கள் நன்றி கொன்றவர்கள் ஆகவில்லை.

சமமற்ற இருவர் ஒப்பந்தம் செய்யும்போது, இருவரும் மனமுவந்து கையெழுத்திட்டனர் என்பதாலேயே அது நீதியாகிவிடாது என்று ஆறாம் பவுல் 1967இலேயே எச்சரித்தார். கடன் வாங்கியவனுக்குத் திருப்பித் தரும் கடன் இருப்பதுபோல், கொடுத்தவனுக்கும் ஒரு கடன் இருக்கிறது: வாங்கியவன் அழியாமல் பார்த்துக்கொள்வது. மக்கள் பெயரால் கையெழுத்திடும் ஆட்சியாளனுக்கோ, மக்களிடம் மறைக்காமல் சொல்லும் கடன். 2025 யூபிலி ஆண்டை அறிவித்தபோது திருத்தந்தை பிரான்சிஸ் ஏழை நாடுகளின் கடனை மன்னிக்கும்படி செல்வ நாடுகளை மீண்டும் வேண்டினார். அந்த அழைப்பு வாஷிங்டனுக்கும் பாரிசுக்கும் உரியது போலவே பீக்கிங்கிற்கும் உரியது.

பழைய இருப்புப்பாதையோ, ஆண்டுக்கு 20 லட்சம் டன் சுமக்கக் கட்டப்பட்டும், பராமரிப்பின்றி மிகச் சிறு பங்கையே சுமந்து வந்தது. 2025 செப்டம்பரில் அதைப் புதுப்பித்து 30 ஆண்டுக் காலம் நடத்தச் சீன நிறுவனத்துடன் 140 கோடி டாலர் ஒப்பந்தம் ஆயிற்று. மேற்கே அங்கோலாவின் லொபிட்டோ துறைமுகத்திற்குச் செல்லும் பாதையை அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஆதரிக்கின்றன. ஒரு காலத்தில் கைவிரித்தவர்களும் இன்று கைநீட்டுகிறார்கள். செம்புக்கு அவ்வளவு தேவை. ஜாம்பியாவுக்கு இது நல்ல வேளையாகலாம், பேரம் பேசும் மேசையில் தொழிலாளருக்கும் ஆற்றங்கரையாருக்கும் ஓர் இருக்கை கிடைத்தால்.

நவம்பர் மாதம் வரும்போது நாம் கல்லறைகளுக்கு மெழுகுதிரி ஏற்றி, நினைப்பாரற்ற ஆன்மாக்களுக்காகவும் செபிக்கிறோம். இனி அந்தச் செபத்தில் நான் இரண்டு இடங்களைச் சேர்த்துக்கொள்ள நினைக்கிறேன்: இருப்புப்பாதை அமைக்க வந்து ஆப்பிரிக்க மண்ணில் உறங்கும் சீனத் தொழிலாளரின் கல்லறைகள், சீன முதலாளியிடம் வேலைக்குப் போய்ச் சாம்பிஷியில் வெடித்துச் சிதறிய இளைஞரின் கல்லறைகள். இரு திறத்தாரும் கூலிக்கு உழைத்தவர்கள். இரு திறத்தாரையும் எந்த அரசும் கலந்து பேசி ஒப்பந்தம் எழுதவில்லை.