திரும்பி வந்து விசாரிப்பவர்



"சுவாமி, அந்த வைத்தியசாலை நல்லதோ?" என்று ஞாயிறு திருப்பலி முடிந்தபின் என்னிடம் வினவுவோர் உண்டு. நான் மருத்துவன் அல்லன். ஆயினும் நற்கருணையோடும் நோயிற்பூசுதலுக்குரிய எண்ணெயோடும் பல்லாண்டுகளாக இங்கிலாந்தின் நோயாளர் விடுதிகளுக்குச் சென்றுவருபவன். ஒரு வைத்தியசாலையின் தரத்தை எதைக்கொண்டு அளப்பது என்பது என்னையும் நெடுநாளாகச் சிந்திக்க வைத்த கேள்வி.

இந்நாட்டில் நாம் அனைவரும் அறிந்த அளவுகோல் நான்கு மணிநேர விதி. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் ஒருவர் நான்கு மணிநேரத்துக்குள் விடுதியில் அனுமதிக்கப்பட வேண்டும். அல்லது வேறிடத்துக்கு மாற்றப்படவோ வீட்டுக்கு அனுப்பப்படவோ வேண்டும். 2004இல் இதற்கான இலக்கு 98 வீதம். 2010இல் அது 95 வீதமாகக் குறைக்கப்பட்டது. 2015 யூலை மாதத்துக்குப் பின்னர் இங்கிலாந்து முழுமைக்குமான கணக்கில் அந்த 95 வீதமும் எட்டப்படவில்லை.

இவ்விதியை ஏளனம் செய்வது முறையன்று. காலம் உயிரோடு தொடர்புடையது. பக்கவாதத்துக்கு இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை வழமையாக நாலரை மணிநேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். குருதியில் கிருமி பரவி உடல் நிலைகுலையும் வேளையில், தாமதமாகும் ஒவ்வொரு மணியும் ஆபத்தைப் பெருக்கும். நான்கு மணிநேர இலக்கு காத்திருப்பை மட்டுமன்றி இறப்புகளையும் குறைத்தது என்று பொருளியல் ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர்.

எனினும் கடிகாரம் எல்லாவற்றையும் காட்டுவதில்லை. நான்கு மணி நிறைவதற்குச் சில நிமிடங்கள் முன்பாக அப்பிரிவுகளிலிருந்து அனுப்பப்படுவோரின் தொகை திடீரென உயர்வதைப் புள்ளிவிபரங்கள் வெளிப்படுத்தின. அந்த நிமிடங்களில் நோயாளரின் தேவை முந்தியதா, இலக்கு முந்தியதா என்பதைக் கடிகாரம் சொல்லாது. இதைவிடக் கசப்பான பாடத்தை ஸ்டஃபோர்ட் வைத்தியசாலை கற்பித்தது. அங்கு 2005 முதல் 2009 வரை நிகழ்ந்தவற்றை ஆராய்ந்த ரொபேர்ட் பிரான்சிஸ் 2013 பெப்ரவரியில் 290 பரிந்துரைகளோடு தமது பகிரங்க விசாரணை அறிக்கையை வெளியிட்டார். நிர்வாகம் இலக்குகளிலும் நிதிக்கணக்கிலும் மூழ்கியிருந்தது. நோயாளர் சிலருக்குத் தண்ணீர்க் குவளைகூடக் கையெட்டும் தூரத்தில் இல்லை. உறவினரின் முறைப்பாடுகள் செவிமடுக்கப்படவில்லை. எச்சரிக்கை எழுப்பியவை இரண்டு. ஒன்று, எதிர்பார்த்ததைவிட உயர்ந்திருந்த இறப்புக் கணக்கு. மற்றொன்று, தம் அன்புக்குரியோரை இழந்தவர்கள் அடங்க மறுத்து எழுப்பிய குரல். எண்ணும் சாட்சியமும் சேர்ந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது.

இவ்வுண்மையை நூறாண்டுகளுக்கு முன்பே உணர்ந்தவர் பொஸ்டன் நகரின் அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஏர்னெஸ்ட் கொட்மன். ஒவ்வொரு நோயாளரையும் பற்றி ஓர் அட்டை எழுதி, ஓராண்டு கழித்தாவது அவரைத் தேடி, சிகிச்சை பயன் தந்ததா, இல்லையெனில் ஏன் என்று பதிய வேண்டும் என்றார் அவர். சக மருத்துவர்கள் அதை விரும்பவில்லை. 1911இல் தாமே ஒரு சிறிய வைத்தியசாலையைத் தொடங்கி, 1916 வரை அங்கிருந்து வீடு திரும்பிய 337 பேரின் விபரங்களையும், தாம் கண்ட 123 தவறுகளையும் அச்சிட்டு வெளியிட்டார்.

பெய்ரூத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய அவேடிஸ் டொனபேடியன், 1966இல் மருத்துவப் பராமரிப்பின் தரத்தை அமைப்பு, செயல்முறை, விளைவு என்ற மூன்று வழிகளில் நோக்கக் கற்பித்தார். உலகெங்கும் இன்றும் பயன்படுவது இப்பகுப்பு. புற்றுநோயாளராகத் தாமே படுக்கையில் கிடந்த இறுதிக்காலத்தில் அவர் அளித்த செவ்வியில், தரத்தின் இரகசியம் முடிவில் அன்புதான் என்றார். வாழ்நாள் முழுதும் அளவுகோல்களை வகுத்த அறிஞர் ஒருவர் வந்தடைந்த முடிவு இது.

நல்ல சமாரியர் உவமையை நினைவுகூர்வோம். காயங்களைக் கட்டியதோடும் சத்திரத்தில் பணம் கொடுத்ததோடும் அவர் நின்றுவிடவில்லை; திரும்பி வருவதாகவும் வாக்களித்தார். திரும்பி வருபவர் என்ன கேட்பார்? எத்தனை மணிக்கு இவரைச் சேர்த்தீர்கள் என்பதோடு அமைவாரா? இவர் இப்போது எப்படி இருக்கிறார் என்றும் கேட்பார் அல்லவா? மருத்துவப் பராமரிப்பை அளக்கும் முயற்சிகள் யாவும் அந்த விசாரிப்பின் வடிவங்களே என்று நான் எண்ணுகிறேன்.

விசாரிக்கப்படும்போது நம்மவர் என்ன விடை சொல்கிறோம் என்பதுதான் என் கவலை. யாழ்ப்பாணத்திலிருந்து பிள்ளைகளிடம் வந்த ஒரு மூதாட்டியை விடுதியொன்றில் சந்தித்தேன். நோவு பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று தாதி கேட்டார். பன்னிரண்டு வயதுப் பேர்த்தி மொழிபெயர்த்தாள். அம்மா புன்னகைத்து, "பரவாயில்லை" என்றார். ஏட்டில் பூச்சியம் பதிவானது. பேர்த்தி வெளியே சென்றதும் அவர் என்னிடம் சொன்னார்: "இரவு முழுக்க நித்திரை இல்லைச் சுவாமி. அந்தப் பிள்ளையள் பாவம், ஓடித் திரியுதுகள். நான் ஏன் கரைச்சல் குடுப்பான்?" அவரது இசைவோடு தாதியிடம் கூறினேன். அந்த மணிநேரத்திலேயே மருந்து மாற்றப்பட்டது.

அந்தப் பூச்சியம் தாதியின் அலட்சியத்தால் விழுந்ததன்று. நமது பண்பினால் விழுந்தது. பிறருக்குச் சுமையாகக்கூடாது என்ற நம் மூத்தோரின் எண்ணம் உயர்ந்தது. ஆனால் நோவை மறைப்பது பொறுமையாகாது. அது மருத்துவரின் கண்ணைக் கட்டிவிடுகிறது. அடுத்து அக்கட்டிலில் படுக்கப்போகும் மற்றொரு தமிழ்த் தாய்க்கும் அதனால் பயனில்லை.

ஆகவே சில வேண்டுகோள்கள். பேரப்பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பாட்டியின் உடல்நோவைச் சொல்லும் பாரம் அவர்களுக்குரியதன்று. கட்டணமின்றி மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். வீடு திரும்பும்போது தரப்படும் கருத்துப் படிவத்தை மடித்துப் பையில் வைத்துவிடாமல் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். நன்றியும் எழுதுங்கள், குறையும் எழுதுங்கள். உங்கள் அன்புக்குரியவரின் நிலை மோசமடைகிறது, ஆனால் எவரும் கவனிக்கவில்லை என்று அஞ்சினால், 'மார்த்தாவின் விதி'யைக் கேட்டறியுங்கள். 2021இல் பதின்மூன்று வயதில் இறந்த மார்த்தா மில்ஸ் என்ற சிறுமியின் பெற்றோர் எழுப்பிய கவலை செவிமடுக்கப்படவில்லை. அவர்கள் போராடியதன் பயனாக, 2024 முதல் இங்கிலாந்தின் வைத்தியசாலைகளில் படிப்படியாக நடைமுறைக்கு வந்த ஏற்பாடு இது. இதன்படி, வேறொரு மருத்துவக் குழு உடனே வந்து பார்க்குமாறு குடும்பத்தினரே இரவு பகல் எந்நேரமும் கோரலாம்.

கேட்பது நன்றியின்மை ஆகாது. களைத்துப்போன தாதியருக்கும் மருத்துவருக்கும் நாம் செய்யக்கூடிய உதவிகளுள் உண்மையைச் சொல்வதும் ஒன்று. இவ்வாரம் நோயுற்ற ஒருவரைச் சந்திக்கச் செல்வோர் பழங்களோடு ஒரு கேள்வியையும் கொண்டுசெல்லுங்கள்: "உண்மையில் எப்படி இருக்கிறீர்கள்?" விடை வரும்வரை அருகில் அமர்ந்திருங்கள்.

நோயுற்றோர் அனைவரையும், அவர்களைப் பராமரிப்போரையும் இறைவன் காப்பாராக.

அன்புடன்,
உங்கள் பங்குத்தந்தை